சாவி யாரிடம்? ஆசிரியர் மாறுதலும் ஊரின் மாலை வகுப்புகளும்

கரிசல்மகள் | செப்டம்பர் 19, இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் தென் மாவட்டத்துல ஒரு கரிசக்காட்டு ஊர். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி இருக்கு. என் மக நாலாவது படிக்கிறா. போன வருஷத்துல இருந்து நான்தான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி.

ஜூலை கடைசியில எங்க ஹெச்.எம். டீச்சருக்கு மாறுதல் கலந்தாய்வுல சொந்த மாவட்டம் கிடைச்சுப் போயிட்டாங்க. அவங்களுக்குக் கிடைச்சதுல எனக்கு மனசார சந்தோஷம். ஆறு வருஷமா பிள்ளைகளை மாமியார்கிட்ட விட்டுட்டு இங்க வாடகை வீட்டுல இருந்தவங்க. ஆனா அவங்க போன செய்தி தலைவியான எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும். அதுவும் காலை உணவு சமைக்கிற அக்கா ரேஷன் கடை வரிசையில சொல்லித்தான்.

இப்ப பொறுப்பு ஹெச்.எம். பார்க்கிற சார் நாற்பது கிலோமீட்டர் தூரத்துல இருந்து வர்றார். 4:40 பஸ்ஸை விட்டா அடுத்த பஸ் ஏழு மணிக்கு. அவரைக் குறை சொல்லலை.

என் கவலை வேற. பழைய டீச்சர் இருந்தப்ப செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி ஏழு மணிக்கு ஒண்ணாவது வகுப்பறையில பெரியவங்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடந்துச்சு. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்னு சொல்றாங்களே, அதுதான். நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க பதினாலு பேர். காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு சம்பளம் இல்லாம சொல்லிக்கொடுத்துச்சு. டீச்சர் போன அந்த வாரம் செவ்வாய்க்கிழமை எல்லாரும் சிலேட்டோட வந்துட்டாங்க. ரூம் பூட்டியிருக்கு. படிக்கட்டுல இருபது நிமிஷம் உக்காந்து பேசிட்டு எந்திரிச்சுப் போனாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு பேர் வந்தாங்க. அதுக்கப்புறம் யாரும் வரலை.

அதுல ஒரு பெரியம்மா. அவங்க பேர் ஏழு எழுத்து. ஆறு எழுத்து நல்லா வந்துடுச்சு, கடைசி 'ள்' மட்டும் சுழி எதிர்ப்பக்கம் போகும். "அடுத்த வாரம் சரியா வந்துரும் தாயி"ன்னு சொல்லிட்டுப் போனவங்க. எட்டு வாரம் ஆச்சு.

உங்க ஊர்ல ஆசிரியர் மாறுனா பெத்தவங்களுக்கு யார் சொல்றாங்க? மாலை வகுப்பை யார்கிட்ட விட்டுட்டுப் போறாங்க?

---

வைகைக்கரை | செப்டம்பர் 19, இரவு 10:02

சகோதரி, வருத்தம் புரியுது. ஆனா பெரிய பிரச்சினையை விட்டுட்டுச் சின்னதைப் பிடிக்கிறீங்களோன்னு தோணுது. ஹெச்.எம். பணியிடம் காலியா இருக்கிறதுதானே முதல் பிரச்சினை? கல்வி உரிமைச் சட்டம் 26ஆவது பிரிவு, அனுமதிச்ச பணியிடத்துல பத்து சதவீதத்துக்கு மேல காலி இருக்கக்கூடாதுன்னு சொல்லுது. அதைக் கேளுங்க.

ராத்திரி வகுப்பு ஆசிரியர் வேலையே இல்லை. காலையில எமிஸ்ங்கிற கல்வித்துறை இணையதளத்துல வருகைப்பதிவு, உணவுக் கணக்கு, நலத்திட்டப் பட்டியல்னு அவங்க முதுகுல ஏற்கெனவே நிறைய இருக்கு. ஊர்க்காரங்க படிக்கிறதை ஊர்தான் நடத்தணும்.

---

கரிசல்மகள் | செப்டம்பர் 19, இரவு 10:20

அண்ணே, டீச்சர் பாடம் எடுக்கலை. ரூமைத் திறந்துவிட்டாங்க, லைட்டைப் போட்டாங்க, வராதவங்க வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டாங்க. அது மூணும் இல்லாமத்தான் வகுப்பு நின்னுபோச்சு. எனக்கு அது சின்ன விஷயமாத் தெரியலை.

---

பயிற்றுநர்_வடக்கு | செப்டம்பர் 20, காலை 6:45

நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். வேறு மாவட்டம். மாறுதல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், ஏன் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதும் விளங்கும்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துப் பணியிட நிர்ணயம் செய்வார்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்குள் இருந்தால் இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 120 வரை நான்கு. ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும், 35 பேருக்கு ஒருவர். 61 பிள்ளை இருந்த இடத்தில் 59 ஆனால் ஒரு ஆசிரியர் 'உபரி'. அவரைத் தேவை உள்ள பள்ளிக்கு அனுப்புவதுதான் பணிநிரவல். அது போக விருப்ப மாறுதல் கலந்தாய்வு தனி. அது எமிஸ் தளத்தில் முன்னுரிமைப் பட்டியல்படி நடக்கும். காலையில் இடம் தேர்வு செய்தவருக்கு மாலையில் ஆணை கையில் இருக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ விடுவிப்பு. இந்த ஓட்டத்தில் ஆணையின் நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போகிறது, பள்ளிக்குப் போகிறது. மேலாண்மைக் குழுவுக்குப் போவதில்லை.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. தொடக்கக் கல்வியில் முன்பு முன்னுரிமை ஒன்றிய அளவில்தான் இருந்தது. ஆசிரியர் மாறினாலும் பெரும்பாலும் அதே ஒன்றியத்துக்குள் நாலைந்து ஊர் தள்ளித்தான் இருப்பார். சந்தையில் பார்க்கலாம், போனில் கூப்பிட்டுக் கேட்கலாம். 2023 டிசம்பர் 21இல் வந்த அரசாணை 243 அதை மாநில அளவிலான முன்னுரிமை ஆக்கிவிட்டது. ஆசிரியர் சங்கங்கள் அதை எதிர்த்துப் போராடியது எல்லோருக்கும் தெரியும். அதன் நியாய அநியாயம் வேறு பேச்சு. உங்கள் ஊருக்கு அதன் விளைவு ஒன்றுதான்: போகிறவர் இனி மாநிலத்தின் எந்த மூலைக்கும் போவார். அவர் மனசில் வைத்திருந்த விவரம் எல்லாம் அவரோடு போய்விடும்.

---

ஒன்றாம்வகுப்பு | செப்டம்பர் 20, காலை 7:30

நான் இடைநிலை ஆசிரியை. கரிசல்மகள் அக்கா சொன்ன டீச்சர் நான் இல்லை, ஆனா அந்த இடத்துல நானும் இருந்திருக்கேன்.

நாலு வருஷம் என் மகனை விட்டுட்டு வேற ஊர்ல வேலை பார்த்தேன். கலந்தாய்வுல என் முறை வந்தப்ப திரையில என் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் காலின்னு பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. ஆணை வாங்கி மறுநாளே விடுவிச்சுட்டாங்க. பிள்ளைங்ககிட்ட சொல்லாமதான் வந்தேன். சொன்னா அழுவாங்க, நானும் அழுதுடுவேன்னு பயம். "நாளைக்கு 'ஊ' எழுதிட்டு வாங்க"ன்னு வீட்டுப்பாடம் கொடுத்துட்டுப் பஸ் ஏறினேன். இப்பவும் அது உறுத்துது. யாரோ ஒரு புதுசா வந்த டீச்சர் முன்னாடி என் பிள்ளைங்க அந்த 'ஊ'வை நீட்டியிருப்பாங்க.

பெத்தவங்களைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசியிருக்கலாம். எந்தப் பிள்ளைக்குக் கண் சரியாத் தெரியாது, எது காலையில சாப்பிடாம வரும், எது அடிச்சா பேச்சையே நிறுத்திடும்னு புது டீச்சருக்கு ஒரு தாள்ல எழுதி வச்சிருக்கலாம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லலை. எனக்கும் தோணலை.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு. ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கிற ஆசிரியர்கள் ரெண்டு வருஷத்துக்குள்ள டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணணும்னு. பதினெட்டு வருஷம், இருபது வருஷம் வேலை பார்த்தவங்க எல்லாம் ராத்திரி உக்காந்து உளவியல் புத்தகம் படிக்கிறாங்க. மாலையில கொஞ்ச நேரம் பள்ளிக்கூடத்துல நின்னுட்டுப் போனவங்க இப்ப மணியடிச்சதும் கிளம்புறாங்க. அவங்களைத் தப்பா நினைக்காதீங்க.

---

வைகைக்கரை | செப்டம்பர் 20, காலை 8:11

டீச்சர், உங்க பதிவைப் படிச்சுட்டு என் மகனோட ஒண்ணாவது டீச்சர் ஞாபகம் வந்துட்டாங்க. அவங்களும் இப்படித்தான் சொல்லாம போனாங்க. நாங்க கோபப்பட்டோம்.

---

மாலைவகுப்பு | செப்டம்பர் 20, பிற்பகல் 1:05

நான் இல்லம் தேடிக் கல்வின்னு அரசு நடத்துன மாலை வகுப்புத் திட்டத்துல தன்னார்வலரா இருந்தவ. 2021 அக்டோபர் 27ஆம் தேதி மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்துல முதல்வர் திட்டத்தைத் தொடங்கி வச்சாரு. அடுத்த சில வாரத்துல எங்க தெருவுலயும் மையம் வந்துடுச்சு. மாரியம்மன் கோயில் மண்டபம். இருபது பிள்ளைங்க, அஞ்சுல இருந்து ஏழு மணி வரை. மாசம் 1,000 ரூபாய்.

கொரோனாவால பள்ளிக்கூடம் மூடுனதுல பிள்ளைங்க எவ்வளவு இழந்தாங்க, எவ்வளவு மீட்டாங்கன்னு 220 ஊர்கள்ல சுமார் 19,000 பிள்ளைங்களை வச்சு அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன்னு மூணு பொருளியல் அறிஞர்கள் ஆய்வு பண்ணாங்க. பள்ளி திறந்து ஆறு மாசத்துல இழந்ததுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப வந்துடுச்சு. அப்படி மீண்டதுல சுமார் 24 சதவீதத்துக்கு எங்க மாலை வகுப்புதான் காரணம்னு கணக்கு வந்துச்சு. அதைப் படிச்ச அன்னிக்கு எங்க வாட்சப் குரூப்புல எல்லாரும் மாத்தி மாத்தி அனுப்பிக்கிட்டோம். யாரோ நம்மளையும் எண்ணியிருக்காங்கன்னு ஒரு சந்தோஷம்.

இதை ஏன் சொல்றேன்னா, நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டு வச்சிருந்தேன். "கடன் வாங்கிக் கழிக்கத் தெரியலை. பத்து ரூபாய்க்கு மிட்டாய் வாங்கிட்டு மீதி எவ்வளவுன்னு கேட்டா சரியாச் சொல்றான், நோட்டுல போட்டா தப்பு." இப்படி எழுதி வச்சிருப்பேன். கல்யாணமாகி பக்கத்து டவுனுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் எங்க பக்கம் மையங்களும் குறைஞ்சுபோச்சு. எனக்கு அப்புறம் வந்த பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு அதுக்குத் தெரியாது. அந்த நோட்டு இப்ப என் பீரோவுல புடவைக்கு அடியில இருக்கு. யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்.

---

ஓய்வுபெற்ற_தலைமையாசிரியர் | செப்டம்பர் 20, இரவு 8:40

அன்புள்ள கரிசல்மகள் அவர்களுக்கு,

முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஏழு பள்ளிகளில் பொறுப்பு ஏற்றும் ஒப்படைத்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தலைமையாசிரியர் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் என்று ஒன்று எழுதுவோம். மாணவர் சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் புத்தகம், ரொக்கப் பதிவேடு, தளவாடச் சாமான் இருப்புப் பதிவேடு, சத்துணவு அரிசி இருப்பு, வங்கிப் புத்தகம், பீரோ சாவிகள். ஓர் உடைந்த நாற்காலி இருந்தால் 'பழுது 1' என்று அதுவும் பட்டியலில் வரும். இருவரும் கையொப்பம் இடுவோம். அந்த நாற்காலியை அடுத்தவர் தொலைத்துவிட முடியாது.

உங்கள் ஊர் மாலை வகுப்புக்கு அப்படி ஒரு வரி எங்கே இருக்கிறது? எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதினான்கு பெண்கள் வருகிறார்கள் என்பது அந்த அம்மையாரின் நினைவில் இருந்தது. அவர் கெட்டவர் அல்லர், மறந்தவரும் அல்லர். ஒப்படைக்க வேண்டிய பொருளாக அது எழுதப்படவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே என் யோசனை இது. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். பள்ளி வளாகத்தில் நடக்கும் ஊர்க் கல்விப் பணிகள் என்று தனி நோட்டு ஒன்று தொடங்குங்கள். வகுப்பு எது, எந்த நாள், எந்த அறை, யார் வருகிறார்கள், யார் சொல்லிக்கொடுக்கிறார், சாவி யாரிடம். அந்த நோட்டை ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி தீர்மானத்திலேயே எழுதுங்கள். ஆசிரியர் மாறுதல் ஆணை வந்தால் விடுவிப்புக்கு முன் தலைவிக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் வையுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிக்கும் பொறுப்பை உங்கள் குழுவுக்குத்தான் கொடுத்திருக்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பதும் அதே பிரிவுதான். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

---

பயிற்றுநர்_வடக்கு | செப்டம்பர் 20, இரவு 9:15

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஆசிரியர் நியமனத்தில் மேலாண்மைக் குழுவுக்கு இடமே இல்லை என்று யாராவது சொன்னால் 2022ஐ நினைவுபடுத்துங்கள். 13,331 தற்காலிக ஆசிரியர்களை மேலாண்மைக் குழு வழியாக எடுக்க அரசே ஆணையிட்டது. நீதிமன்றம் வரை போன விவகாரம்தான், இருந்தாலும் குழுவிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். பாடம் நடத்த ஆள் எடுக்கும் வேலையைக் கொடுத்த குழுவுக்கு, ஆள் மாறிய செய்தியைச் சொல்வது பெரிய விஷயமல்ல.

சாவிக்கு வேறு வழியும் இருக்கிறது. உங்கள் ஊரில் ஊர்ப்புற நூலகக் கட்டடம் இருக்கிறதா? அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டினார்கள். பல ஊர்களில் பூட்டித்தான் கிடக்கிறது. அதன் சாவி ஊராட்சி செயலரிடம் இருக்கும். கிராம சபையில் தீர்மானம் போட்டு வகுப்பை அங்கே மாற்றினால் ஹெச்.எம். மாறினாலும் கதவு திறக்கும்.

---

புதுகை_சைக்கிள் | செப்டம்பர் 21, காலை 11:20

என் அம்மா புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்துல படிச்சவங்க. 1991, 92. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க. எழுத்தோட சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தாங்க. அம்மா அப்பாவோட வண்டியை எடுத்துட்டு விழுந்து முழங்கையைச் சிராய்ச்ச தழும்பு இன்னும் இருக்கு.

இயக்கம் முடிஞ்சப்புறம் எங்க ஊர்ல வகுப்பு கொஞ்ச நாள் இழுத்துச்சு. சொல்லிக்கொடுத்த அண்ணன் வேலை கிடைச்சு சென்னை போனார், அதோட நின்னுபோச்சு. அம்மாவுக்கு இப்ப பஸ் போர்டுல ஊர் பேர் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கத்தான் தெரியுது. சைக்கிளை மட்டும் மறக்கலை, அறுபத்தெட்டு வயசுலயும் மில்லுக்கு நெல்லு கொண்டுபோறாங்க. சைக்கிள் தினமும் ஓட்டுனாங்க, எழுத்தை யாரும் தினமும் கேட்கலை.

கரிசல்மகள் அக்கா, எட்டு வாரம் ரொம்ப நீளம். தீர்மானம், நோட்டு எல்லாம் நல்லதுதான். ஆனா இந்த வாரமே யார் வீட்டுத் திண்ணையிலயாவது அந்தப் பதினாலு பேரையும் உக்கார வைங்க. அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

---

கரிசல்மகள் | செப்டம்பர் 21, இரவு 9:50

புதுகைத் தம்பி சொன்னது நெஞ்சுல தச்சிருச்சு. செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுத் திண்ணை. காலேஜ் பொண்ணுகிட்ட இப்பதான் பேசினேன். "அக்கா நான் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்"னு சொல்லுச்சு. இத்தனை நாள் நான்தான் போய்க் கேட்கலை.

---

மாலைவகுப்பு | செப்டம்பர் 22, காலை 10:33

திண்ணையில குண்டு பல்பு வேண்டாம் அக்கா, நிழல் விழும். ஒரு டியூப் லைட் இடது பக்கமா வர்ற மாதிரி மாட்டுங்க. வயசானவங்களுக்குச் சின்னக் கட்டம் தெரியாது, நான் வாங்கின மாதிரி பெரிய கட்டம் போட்ட நோட்டு வாங்குங்க. நான் சொன்ன பீரோ நோட்டை இன்னிக்கு எடுத்துட்டேன். வர்ற ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போறேன், பள்ளிக்கூடத்துல இப்ப அந்தப் பிள்ளைங்களுக்கு டீச்சர் யாருன்னு விசாரிச்சுக் கொடுத்துட்டு வர்றேன்.

---

கரிசல்மகள் | அக்டோபர் 13, இரவு 8:05

உதவி பண்ண எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லணும்.

திண்ணை வகுப்பு செவ்வாய், வெள்ளின்னு தவறாம நடக்குது. முதல் நாள் ஒன்பது பேர், இப்ப பன்னிரண்டு. ஒருத்தங்க மக பிரசவத்துக்குப் போயிருக்காங்க. ஒருத்தங்க வர மாட்டேன்னுட்டாங்க. நானும் காலேஜ் பொண்ணும் ரெண்டு தடவை போய்க் கூப்பிட்டோம். "பூட்டுன கதவு முன்னாடி உக்கார வச்சீங்கள்ல"ன்னு ஒரே வார்த்தை. திரும்பவும் போவோம்.

பரீட்சை லீவு முடிஞ்சு பள்ளி திறந்த வாரமே மேலாண்மைக் குழு கூடுச்சு. ஐயா எழுதிக்கொடுத்த மாதிரியே தீர்மானம் வாசிச்சேன். பொறுப்பு ஹெச்.எம். சார் மறுப்பார்னு பயந்துக்கிட்டே போனேன். அவர் வாங்கிப் படிச்சுட்டு, "எனக்கு இப்படி ஒரு வகுப்பு நடந்ததே தெரியாதும்மா, யாரும் சொல்லலை"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. ரெண்டு மாசமா அவர் கண்டுக்கலைன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன், அவர்கிட்ட நானும் ஒரு வார்த்தை கேட்கலை. ரூம் சாவிக்கு அன்னிக்கே ஒரு மாற்றுச் சாவி போட்டுக் குழு பேர்ல கொடுத்துட்டார். நோட்டுக்கு அவரே அட்டை போட்டு, பதிவேட்டுப் பட்டியல்ல கடைசி வரியாச் சேர்த்தார். கேட்டுக்குப் பக்கத்துல சுவத்துல கரும்பலகை அடிச்சு எத்தனை பணியிடம், எத்தனை காலி, எந்த வகுப்புக்கு யாருன்னு சாக்பீஸால எழுதிப்போட்டிருக்கோம். ஹெச்.எம். இடத்துல 'காலி'ன்னுதான் இருக்கு. வைகைக்கரை அண்ணே, நீங்க சொன்ன 26ஆவது பிரிவைப் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனுவும் கொடுத்திருக்கோம்.

சனிக்கிழமை கிராம சபையில நூலகக் கட்டடம் கேட்டோம். தீர்மானம் ஆயிருச்சு. உள்ள ஒரு பக்கம் சுவர் ஓதம் அடிச்சிருக்கு, வெள்ளையடிக்கணும். அதுவரைக்கும் திண்ணைதான்.

கிராம சபை வருகைப் பதிவேட்டுல நம்ம பெரியம்மா கைநாட்டு வைக்க மாட்டேன்னு பேனா கேட்டு வாங்கினாங்க. பின்னாடி முப்பது பேர் வரிசையில நிக்கிறாங்க. ஏழு எழுத்தையும் ஒண்ணொண்ணா எழுதினாங்க. 'ள்' சுழி இன்னமும் எதிர்ப்பக்கம்தான் இருந்துச்சு. நான் வாய் திறக்கலை, வெள்ளிக்கிழமை பார்த்துக்கலாம்.

---

ஓய்வுபெற்ற_தலைமையாசிரியர் | அக்டோபர் 13, இரவு 8:52

மிக்க மகிழ்ச்சி அம்மா. நோட்டின் முதல் பக்கத்தில் பழைய தலைமையாசிரியையின் பெயரையும், வகுப்பு தொடங்கிய தேதியையும் எழுதி வையுங்கள். அவருக்கு ஒரு போன் செய்து, நின்ற வகுப்பு மறுபடி நடக்கிறது என்று சொல்லுங்கள்.

---

கரிசல்மகள் | அக்டோபர் 13, இரவு 9:10

போன் பண்ணிட்டேன் ஐயா. பெரியம்மா பேரைச் சொல்லி 'ள்' வந்துச்சான்னுதான் முதல்ல கேட்டாங்க.

மாலைவகுப்பு தங்கச்சி, பெரிய கட்டம் போட்ட நோட்டு எங்க பக்கம் கடையில கிடைக்கலை. நீ எங்க வாங்கினன்னு சொல்லு, பதினாலு வேணும்.